இரண்டாவது கட்டில்

ஜனவரி 11

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் மகளும் நலந்தானே? ஐம்பத்தாறு வயதுக்காரியை இன்னும் வாண்டு என்று கூப்பிடுகிறாளே என்று உன் மகள் சிரித்தால் சிரிக்கட்டும். உன் அண்ணன் வைத்த பெயர். அதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது.

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் மகள்தான் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க அத்தை." "அம்மா தூங்குறாங்க அத்தை." "அம்மா இப்பத்தான் வெளிய போனாங்க அத்தை." ஒரு மனுஷி இவ்வளவு குளித்து, இவ்வளவு தூங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கடிதம். இதைக் குளிக்கிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் துறைமுகத்திலிருந்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தாள். நெட்டையான பெண், கறாரான பேச்சு. சின்னப் பயணக் கப்பல் ஒன்றைப் பழுது பார்த்துப் புதிதாக ஓட்டப் போகிறார்களாம். அதற்கு அவள்தான் மேலாளர். முப்பது அறை. திரைச்சீலை, தலையணை உறை, நாற்காலி உறை எல்லாம் நான்தான் தைக்க வேண்டும் என்றாள். மூன்று மாதம் என் மெஷின் ஓயவில்லை. வட்ட ஜன்னலுக்குத் திரை தைப்பது என்றால் என்ன என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதல் இரண்டைத் தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்து, கண்ணீர் வராத குறை.

போன வாரம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். அப்போது அவள் சொல்கிறாள்: "தைச்சுக் குடுத்துட்டா ஆச்சாம்மா? பத்து நாள் அதுல படுத்துப் பாருங்க. எது குத்துது, எது பிரியுதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க." முதல் பயணத்திலேயே என்னை ஏற்றிக்கொள்கிறார்கள். அறையில் இரண்டு கட்டில். கூட ஒருவரை அழைத்து வரலாமாம்.

உன் அண்ணன் முப்பத்தொரு வருஷம் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தார். ஒன்றிலும் பயணியாக ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் இருவரையும் கூட்டிப்போய் எட்ட நிறுத்தி, "அந்த மூக்கு பளபளன்னு இருக்கே, அது நான்" என்று காட்டுவார். "உள்ள எப்படிண்ணா இருக்கும்?" என்று நீ கேட்பாய். "எனக்கு வெளிப்பக்கம்தான் தெரியும்" என்பார். அப்போது உனக்குப் பதினான்கு, எனக்கு இருபத்திரண்டு. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் நாம் இருவரும் அதையே பேசிக்கொண்டிருப்போம். சுவரெல்லாம் வெல்வெட் ஒட்டியிருக்கும் என்று அடித்துச் சொன்னாய்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி கிளம்புகிறது. வெல்வெட் இருக்கிறதா இல்லையா என்று நேரிலேயே பார்த்துவிடலாம். வருகிறாயா?

அன்புடன்,
அண்ணி

---

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதம் வந்த அன்று அதை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை மகளுக்குப் படித்துக் காட்டினேன். குளியல் விஷயத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னால் வர முடியாது. முழங்கால் சரியில்லை. கப்பலில் ஏறுவது இறங்குவதெல்லாம் எனக்கு ஒத்துவராது. உங்களுக்கும் பாரமாகிவிடுவேன்.

நீங்கள் மெஷினைப் பற்றி எழுதியதும் அந்த வீடு அப்படியே கண்முன் வந்துவிட்டது. ஒற்றை அறை. ஜன்னல் ஓரம் உங்கள் மெஷின். அதன் காலடியில் என் பாய். அவசரத் துணி என்று நீங்கள் தைத்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தக் கடகட சத்தத்தில்தான் எனக்குத் தூக்கமே வரும். நீங்கள் நூல் கோக்க நிறுத்தினால் விழித்துக்கொள்வேன். "ஏண்டி முழிச்சே?" என்பீர்கள். "சத்தம் நின்னுடுச்சு அண்ணி" என்பேன். அப்படியொரு தூக்கம் பிறகு எந்த வீட்டிலும் வரவில்லை.

கப்பலில் எல்லாவற்றையும் கவனித்து எழுதுங்கள். எப்படி ஏற்றுகிறார்கள், எங்கே உட்கார வைக்கிறார்கள், சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்களா, ஆள் வந்து கூப்பிடுவார்களா, எல்லாம் எழுதுங்கள்.

போன் வேண்டாம் அண்ணி. உங்கள் கையெழுத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள்,
வாண்டு

---

பிப்ரவரி 20, கப்பலில்

அன்புள்ள வாண்டுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் முழங்கால் நன்றாக இருக்கிறது, கட்டைவிரல்தான் போய்விட்டது. கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கே துறைமுகக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். பெட்டிகளில் ஆளுக்கொரு நிறத்தில் சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கை வீசிக்கொண்டு நிற்க எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. ஓர் அம்மாள் மட்டும் தன் பெட்டியைத் தர மாட்டேன் என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு போட்டோ எடுத்து, கழுத்தில் ஓர் அட்டை மாட்டி விட்டார்கள். என் போட்டோவில் நான் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன்.

அடுத்தது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்ட பலகைப் பாலம். இருபது அடிதான். ஆனால் அது மூச்சு விடுகிறது, வாண்டு! ஏறுகிறது, இறங்குகிறது. நான் கையை நீட்டினேன். அந்தப் பக்கம் நின்ற மாலுமி, "கையைக் குடுக்காதீங்கம்மா, மணிக்கட்டைப் புடிங்க. நானும் உங்க மணிக்கட்டைப் புடிக்கிறேன். கை வழுக்கும், இது வழுக்காது" என்றான். நாற்பத்தொரு பேரையும் அப்படித்தான் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டான். உள்ளே கால் வைத்ததும் குளிர்ந்த ஈரத்துண்டு, ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு. உன் அண்ணன் பார்த்திருந்தால், "வெளிய நிக்கிறவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பானா?" என்று கேட்டிருப்பார்.

என் அறை பதினோராம் எண். வெல்வெட் இல்லை, தாயே. பந்தயத்தில் நீ தோற்றாய். வெளிர் மர நிறத்தில் பலகைச் சுவர். நீளவாக்கில் நாலு எட்டு வைக்கலாம், குறுக்கே மூன்று. இழுப்பறையைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். கப்பல் ஆடும்போது தானாகத் திறக்காமலிருக்க இப்படி வைத்திருக்கிறார்கள். கட்டில் ஓரத்தில் சாண் உயரத்துக்குப் பலகை, உருண்டு விழாமலிருக்க. குளியலறை வாசலில் ஒரு வரம்பு. அதில்தான் கட்டைவிரல் போயிற்று. இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் விசாரித்தேன், எல்லோருக்கும் அதே விரல்தான்.

இன்னொன்று. தலையணை உறையில் ஓரத்தையல் கன்னம் படுகிற பக்கம் வந்துவிட்டது. படுத்தால் குத்துகிறது. ஒன்றா இரண்டா, அறுபது உறை. தைத்தவள் யார் என்று யாரும் கேட்டுவிடாதிருக்க வேண்டும்.

பணிப்பெண் காலையும் மாலையும் வருகிறாள். "அந்த ரெண்டாவது கட்டிலையும் விரிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். விரி என்று சொன்னேன்.

சாப்பாட்டுக்கு மணியும் இல்லை, ஆளும் இல்லை. ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள்.

நாளை கரை வரும். அங்கே இதைத் தபாலில் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

---

பிப்ரவரி 24, கப்பலில்

வாண்டு,

இரண்டு நாள் எழுதவில்லை. எழுந்திருக்கவே இல்லை என்பதுதான் சரி. கடல் கொஞ்சம் முறைத்துக்கொண்டது. வயிற்றில் இருந்தது, இல்லாதது எல்லாம் வெளியே வந்துவிட்டது. பணிப்பெண் இஞ்சித் துண்டும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து, "தூரத்துல ஒரே இடத்தைப் பாத்துக்கிட்டே இருங்க, சரியாயிடும்" என்றாள். வட்ட ஜன்னல் வழியே பார்த்தால் அந்த இடமே மேலும் கீழும் போகிறது. இன்று பரவாயில்லை. ஒரு கிண்ணம் சூப் நின்றது.

சாப்பாட்டு மேஜையில் என்னோடு ஒரு தம்பதி. அவர் அச்சகம் வைத்திருந்தவர், நாற்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். எந்நேரமும் சிரித்த முகம். எதைச் சொன்னாலும், "சரி சரி, ரொம்ப நல்லது" என்பார். இன்று நான், "ரெண்டு நாளா ஒரே வாந்தி" என்றேன். "சரி சரி, ரொம்ப நல்லது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரி சரி என்று வாயால் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறவர்களை எனக்கு முன்பே தெரியும். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். என் உறைகள்தான். அவற்றில் ஒரு குறையும் இல்லை, நானே எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். வெயில் தாழ்ந்த பிறகு அங்கே உட்கார்ந்தால் யாரும் பேசுவதில்லை. உன் அண்ணன் வேலை முடிந்து வந்து, கையிலிருக்கும் பெயின்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி ஓர் அமைதி.

அண்ணி

---

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வீடு வந்து சேர்ந்தீர்களா? வயிறு சரியாயிற்றா? கட்டைவிரல்?

பத்தாம் தேதி வந்து போயிற்று. அண்ணன் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. அன்று முழுக்க அண்ணனையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தபோது அண்ணன் செய்த ஆர்ப்பாட்டம் ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் ஒருவரை விடாமல் நிறுத்தி, "என் தங்கச்சிக்குப் பாம்புக் காது. குரலை வச்சே ஆளைச் சொல்லிடுவா" என்று சொன்னாராம். அது பொய்யும் இல்லை. ஹலோ என்ற ஒரு சொல்லில் யார், என்ன மனநிலை, சளி பிடித்திருக்கிறதா என்பது வரைக்கும் சொல்வேன்.

ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் அதில்தான் சொல்வார்களா? எழுதி ஒட்டுகிற வழக்கம் இல்லையா?

அந்த அச்சகக்காரர் மேல் கோபப்படாதீர்கள். "சரி சரி என்று சொல்லிவிட்டு" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

உங்கள்,
வாண்டு

---

ஏப்ரல் 6

அன்புள்ள வாண்டுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். அறுபது உறையையும் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மேலாளர், "இதுக்குத்தாம்மா உங்களைக் கூட்டிட்டுப் போனேன்" என்று சிரிக்கிறாள்.

அந்தப் பயணத்தில் ஒரு சம்பவத்தை உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். பயப்படுவாயே என்று. உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுதத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

எட்டாம் நாள் காலை, சமையலறையில் எண்ணெய் புகைந்துவிட்டது. தீ எல்லாம் இல்லை, புகைதான். ஆனாலும் சங்கு ஊதி, எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டோடு மேல்தளத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் மாட்டிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினார்கள். நாற்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினார்கள், நாற்பது. அச்சகக்காரரைக் காணோம். அவர் மனைவி காலையிலேயே மேலே வந்து நடந்துகொண்டிருந்தவள். "எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?" என்று மாலுமி கேட்டான். "அவருக்குக் காது கேக்காதுங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்று அழுதாள்.

இரண்டு பேர் கீழே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டிவந்தார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரை. சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "சரி சரி, ரொம்ப நல்லது" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை, வாண்டு.

அப்புறம் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "மகன் போன் பண்ணா எடுக்க மாட்டாரு. குளிக்கிறேன்னு சொல்லச் சொல்லுவாரு. அப்பாவுக்குத் தன்மேல கோபம்னு அவன் நெனச்சுக்கிட்டிருக்கான்."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இப்போது நீ, எழுதி ஒட்டுவார்களா என்று கேட்டிருக்கிறாய். சாப்பாட்டுக்கு ஆள் வந்து கூப்பிடுவார்களா என்று முன்பே கேட்டாய். அதை இதை எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள், அதுகூடத் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்குக் காது கேட்கிறதா?

அண்ணி

---

மே 10

வாண்டு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உன் மகளிடம் போனில் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க அத்தை. தினம் எழுதுறாங்க, தினம் கிழிக்கிறாங்க" என்றாள். கிழித்ததையே அனுப்பு. நான் ஒட்டிப் படித்துக்கொள்கிறேன். துணியைச் சேர்க்கத் தெரிந்தவளுக்குக் காகிதம் பெரிய காரியமா?

அண்ணி

---

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதவேண்டிய இடம் இது. இன்று என்னால் அதெல்லாம் முடியவில்லை, மன்னியுங்கள்.

கேட்கவில்லை அண்ணி. ஆறு வருஷமாகிறது.

முதலில் ஹெட்போன் மாட்டுகிற காது. எண்களில் ஏழும் எட்டும் ஒன்றாகக் கேட்டன. மூன்று பேருக்குத் தப்பான இடத்துக்கு லைன் கொடுத்தேன். மேற்பார்வையாளர் கண்டுபிடிப்பதற்கு முன் நானே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னேன். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மாடிப்படி ஓடி ஏறுவேன். பிறகு இன்னொரு காதும் போயிற்று. டாக்டர் கருவி கொடுத்தார். மாட்டினால் தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி விழுகிறது, பேச்சு மட்டும் தெளிவாக வருவதில்லை. அலமாரியில் வைத்துவிட்டேன். மகள் முகம் பார்த்துப் பேசுவாள், உதட்டைப் பார்த்துப் பாதி புரியும். யாரிடமும் சொல்லாதே என்று நானும் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அந்த அச்சகக்காரரைப் போலவே.

இனி எழுதுவதுதான் கிழித்துக் கிழித்துப் போட்டது.

அண்ணன் கடைசியாக என்னோடு பேசியது மார்ச் இரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு. மகள் கடைக்குப் போயிருந்தாள். போன் விளக்கு எரிந்தது, அண்ணன் எண். எடுத்துக் காதில் அழுத்தி வைத்தேன். குரல் மிகவும் மெலிந்திருந்தது. ஏதோ காற்று அசைகிற மாதிரி வந்ததே தவிர, ஒரு சொல் விளங்கவில்லை. கேட்கவில்லை அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தங்கச்சிக்குப் பாம்புக் காது என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரிண்ணா, சரி சரி, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றேன். மறுபடியும் ஏதோ சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

எட்டு நாளில் சேதி வந்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். அழுதுகொண்டே சொன்னதால் உங்கள் உதடும் பிடிபடவில்லை. அதற்கும், "சரி அண்ணி" என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நான் குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறேன்.

அண்ணி, அண்ணன் பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? அன்று அண்ணன் என்ன சொன்னார்? எதற்குச் சரி என்றேன் நான்? எதுவானாலும் எழுதுங்கள்.

வாண்டு

---

ஜூலை 29

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. நீ வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. உன்மேல் கோபமில்லை. என்மேல்தான். என் வெட்கத்துக்கு ஏழு வாரம் பிடித்தது என்று வைத்துக்கொள்.

பக்கத்தில்தான் இருந்தேன். எல்லாம் கேட்டேன். ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். நீ தனியாக உட்கார்ந்து படிக்கிற விஷயம் இல்லை இது. நான் எதிரே இருக்க வேண்டும்.

செப்டம்பர் பதினான்காம் தேதி கப்பல் மறுபடி கிளம்புகிறது. தைத்ததையெல்லாம் சரிபார்க்க நானும் போகிறேன். பதினோராம் அறைதான். முழங்கால் சாக்கு இனிமேல் செல்லாது.

மேலாளரிடம் எல்லாம் பேசிவிட்டேன். அந்த அச்சகக்காரர் விஷயத்துக்குப் பிறகு அவளே நிறைய மாற்றியிருக்கிறாள். கேட்கும் சக்தி குறைந்தவர்களின் அறையில் சங்கு ஊதும்போது சிவப்பு விளக்கு எரியும்படி வைத்திருக்கிறாள். அன்றன்றைய நிகழ்ச்சியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கதவுக்கடியில் போடுகிறார்கள். பணிப்பெண் உள்ளே வருவதற்கு முன் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். "உங்க நாத்தனார் கழுத்து அட்டையில ஒரு சின்னப் புள்ளி வைப்போம்மா. எங்க ஆளுங்க முகத்தைப் பாத்துத்தான் பேசுவாங்க. வேற யாருக்கும் தெரியாது" என்றாள்.

வா.

அண்ணி

---

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. பயம் கப்பலை நினைத்து அல்ல. மகள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்போதே பெட்டியை எடுத்துத் தூசி தட்டிவிட்டாள். "அம்மா, ஆறு வருஷமா நான் உனக்குப் பதிலாப் பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு பத்து நாள் லீவு குடு" என்கிறாள். அவளே துறைமுகம் வரை கொண்டுவந்து விடுகிறாளாம்.

அந்தப் புள்ளி வேண்டாம் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். வைக்கட்டும்.

உங்கள்,
வாண்டு

---

செப்டம்பர் 15, பதினோராம் அறை

அன்புள்ள வாண்டுக்கு,

எதிர்க் கட்டிலிலிருந்து அண்ணி எழுதுவது. நான் எழுதுவதை நீ அங்கிருந்து எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. முடிக்கும்வரை ஜன்னலைப் பார். வாயால் சொல்லிப் பார்த்தேன், காலையிலிருந்து இரண்டு தடவை. அழுகை வந்து உதடு கோணுகிறது, நீயும் புரியாமல் தவிக்கிறாய். நமக்குக் காகிதம்தான் சரி.

முதலில் ஒன்று. நேற்று அந்தப் பலகைப் பாலத்தில் மாலுமி மணிக்கட்டை நீட்டியதும் நீ தயங்காமல் பிடித்தாயே, பின்னால் நின்ற நான்தான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது கேள்.

உன் அண்ணன் போனில் சொன்னது இரண்டே வாக்கியம். "எனக்கு உன்னைப் பாக்கணும் போல இருக்கு வாண்டு, ஒரு தடவை வந்துட்டுப் போறியா?" என்றார். நீ சரி என்றாய். "இந்த வாரமே வந்துரு" என்றார். அதற்கும் சரி என்றாய். அவ்வளவுதான்.

நீ வரவில்லை. அதனால்தான் அன்று வாசலில், "இப்ப வந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். நீ "சரி அண்ணி" என்றாய். உன்னை நான் அன்றோடு வெறுத்துவிட்டேன். கப்பல் என்றதும் உன் ஞாபகம் வந்து கூப்பிட்டேனே தவிர, அந்தக் கோபம் போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் மற்றதை நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

மற்றது இது. போனை வைத்ததும் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வர்றேன்னுட்டா" என்றார். ஒரு மாதமாகப் படுத்தே கிடந்தவர் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி உட்கார்ந்தார். நாவிதரை வரச்சொல்லிச் சவரம் செய்துகொண்டார். மெஷின் பக்கத்தில் குவிந்திருந்த துணியெல்லாம் எடுக்கச் சொன்னார், "அவ எங்க படுப்பா?" என்று. இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் குடிக்காதவர் அந்த எட்டு நாளும் ஒரு கிண்ணம் குடித்தார். நீ சின்ன வயதில் பேசியது, சண்டை போட்டது, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டாக்டரே வந்து, "என்ன, ஆளே மாறிட்டீங்க?" என்றார். "தங்கச்சி வர்றா" என்றார். கடைசி நாள் காலையில், "இன்னைக்கு வந்துருவா" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார். அப்படியே போனார். அவர் ஏமாந்து போகவில்லை, வாண்டு. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்றே போனார்.

எட்டு நாளில் ஒரு நாள் நான் போன் செய்து, எப்போது வருகிறாய் என்று உன் மகளிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளே வருகிறேன் என்றிருக்கிறாள், நான் வேறு தனியாக அழைக்க வேண்டுமா என்ற ரோஷம். என் ஏழு வாரம் அதற்குத்தான்.

அண்ணி

---

அண்ணி,

நிஜமாகவே அண்ணன் சந்தோஷமாக இருந்தாரா? எனக்காகச் சொல்கிறீர்களா?

---

வாண்டு,

அவர் அப்படிச் சந்தோஷமாகக் காத்திருக்காவிட்டால் நான் எதற்காக உன்மேல் இரண்டு வருஷம் கோபமாக இருந்திருப்பேன்? அந்த முகத்தைப் பார்த்ததால்தானே அத்தனை கோபம்.

---

அண்ணி,

பேனாவை வைத்துவிட்டு இந்தக் கட்டிலுக்கு வாருங்கள்.